கூடத்துக் கடல்

செருப்பைக் கழற்றாதீர்கள் டாக்டர். அப்படியே வாருங்கள். மாதா படம் இருக்கிற கூடம்தான், இருந்தாலும் செருப்போடுதான் வர வேண்டும். ரப்பர்தானே? அடியில் ஆணி கீணி இல்லையே? இல்லையென்றால் வாசலில் நான்கைந்து ஜோடி வைத்திருக்கிறேன், உங்கள் அளவுக்கு ஒன்று கிடைக்கும். நேற்றுப் பங்குச்சாமியார் செபம் சொல்ல வந்தார். அவரையே நீல நிறக் குளியலறைச் செருப்பில்தான் நிற்க வைத்தேன். மனிதர் சிரித்தார். சிரிக்கட்டும். என் பயம் எனக்கு.

அந்த நாற்காலி வேண்டாம், இரும்பு. இந்த மர ஸ்டூலில் உட்காருங்கள்.

இதுதான் நீங்கள் விளம்பரத்தில் பார்த்த தொட்டி. உங்கள் கிளினிக்கில், ஆட்கள் காத்திருக்கிற இடத்தில் வைக்கப் போகிறீர்களா? வையுங்கள். பல் பிடுங்க வருகிறவர்களுக்கு ஏற்கெனவே பயம், இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும். விலை பற்றிப் பேச்சே வேண்டாம், நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. இன்றைக்கே எடுத்துக்கொண்டு போக வேண்டும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இந்த இடம் வெறும் சுவராக இருக்க வேண்டும். அவர் கேட்டால் மீன் செத்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பாவத்தை நான் பாவசங்கீர்த்தனத்தில் தீர்த்துக்கொள்கிறேன்.

பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

நான் தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவள். மாடியில் நின்றால் கடல் தெரியும், கதவைத் திறந்தால் கடல் காற்று, அலமாரித் துணி எல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. இத்தனை கடல் வெளியே இருக்கும்போது வீட்டுக்குள் ஒரு கடல் எதற்கு என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் கஸ்பார் என்ன சொன்னார் தெரியுமா? "வெளிய இருக்க கடலை நீ பாக்கவே மாட்டேங்கிய ஹில்டா. அதான் உள்ள கொண்டாரேன்."

நான் எப்படிப் பார்ப்பேன்? அவர் கப்பலில் என்ஜினியர். கால் நூற்றாண்டுக்கு மேல் கடலில் இருந்தார். நான் இங்கே ஃபோன் பக்கத்தில் இருந்தேன். ராங் நம்பர் வந்தால்கூட மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவேன். புயல் எங்கேயோ ஜப்பான் பக்கம் என்று செய்தி வாசிப்பார்கள், நான் இங்கே பனிமய மாதா கோவிலில் முழங்காலில் கிடப்பேன். இப்படியே இருந்து இருந்து, கடைசியில் மனிதர் முழுசாகக் கரையேறி வந்துவிட்டார். இனி பயப்பட ஒன்றுமில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சை உள்ளே இழுப்பதற்குள் கடலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்துவிட்டார்.

சும்மா ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு மீன் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கப்பல் என்ஜினியருக்குச் சும்மா எதையாவது செய்யத் தெரியுமா? கீழே அந்த அலமாரிக் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே இன்னொரு தொட்டி. மேல் தொட்டித் தண்ணீர் பின்பக்கக் குழாயில் வழிந்து கீழே வரும். கீழே நின்று சுத்தமாகி, அந்தக் கறுப்புப் பம்ப் மூலமாகத் திரும்ப மேலே போகும். ரிட்டர்ன் பம்ப் என்பார். நடுவில் கண்ணாடிக் கூஜா மாதிரி ஒன்று நுரை தள்ளிக்கொண்டு நிற்கிறதே, அது புரோட்டீன் ஸ்கிம்மர். அந்தச் சின்ன ட்யூப் வழியாகக் காற்றை இழுத்துப் பொடிப் பொடிக் குமிழியாக்கி, தண்ணீரில் இருக்கிற அழுக்கையெல்லாம் நுரையோடு மேலே தள்ளும். தலையில் இருக்கிற கிண்ணத்தில் காப்பி நிறத்தில் சேரும். அந்த நாற்றம் இருக்கிறதே டாக்டர்! வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கிண்ணத்தைக் கழற்றி எடுத்து வந்து, ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டுவார். "பாத்தியளா, எவ்வளவு எடுத்திருக்கு!" என் தங்கை காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

பைப் வேலைக்கு ஆள் வைக்கவில்லை. எல்லாம் அவரே. என் சாப்பாட்டு மேசையில் பிவிசி பைப், ரம்பம், பசை டப்பா, டேப். என் வாழ்நாளில் அந்த மனிதரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. விசில் வேறு. நான் சோற்றுத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். இரண்டு மீன் வந்தது. அதோ, ஆரஞ்சில் வெள்ளைக் கோடு. பெரியது கேப்டன், சின்னது சீஃப். "கேப்டன் இன்னைக்கு சரியா சாப்பிடல" என்று என்னிடம் சொல்வார். நான் சாப்பிட்டேனா என்று கேட்க மாட்டார்.

சரி, அது போகட்டும்.

எனக்குப் பிடிக்காதது அந்த பைப். மேலே மூலையில் வளைந்து தண்ணீருக்குள் இறங்குகிறதே, பம்ப் தண்ணீரைக் கொண்டுவந்து விடுகிற பைப். போட்ட நாளிலிருந்தே அதில் ஒரு ஓட்டை. குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. தண்ணீர் நிறைய இருக்கும்போது தெரியாது. மே மாத வெயிலில் தண்ணீர் வற்றி மட்டம் இறங்கினதும் சர்ரென்று ஒரு நூல் பீய்ச்சும். எங்கே போய் விழுகிறது என்கிறீர்கள்? நேரே மாதா படத்தில். காலையில் பார்க்கிறேன், மாதா முகத்தில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

அவரிடம் சொன்னேன். "தண்ணி ஊத்துனா சரியாயிரும்" என்றார். அவ்வளவுதான். ஒழுகுகிற பைப்பைப் போட்டுவிட்டு இத்தனை வருஷம் கப்பலில் என்ன செய்தாரோ!

நான் கான்வென்ட்டில் படித்தவள் டாக்டர். எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பெனிக்னா, பூ வேலை முடித்ததும் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு நூல் தொங்கினாலும் பிரித்துவிடுவார்கள். அந்தக் கையில் வளர்ந்தவள் ஒழுகலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? அவர் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கடல் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், பம்பை அணைத்தேன். அணைத்ததும் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. அந்த ஓட்டை வெளியே தெரிந்ததும் 'குர்ர்' என்று அருவருப்பாக ஒரு சத்தம். அப்புறம் எல்லாம் அடங்கி நின்றது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, கெட்ட ஓட்டை என்று. நன்றாகத் துடைத்துவிட்டு, குழாய் ஒழுகலுக்குப் பூசுகிற எம்சீலைப் பிசைந்து அடைத்தேன். வெளியே தெரியாத மாதிரி வழவழவென்று தேய்த்தும் விட்டேன். சிஸ்டர் பெனிக்னா பார்த்திருந்தால் நெற்றியில் சிலுவை போட்டிருப்பார்கள். பல்லில் ஓட்டை இருந்தால் நீங்கள் அடைக்க மாட்டீர்களா? அதே வேலைதான். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "என் பைப்புல கை வச்சியா" என்று ஆரம்பிப்பார். மாதா படத்தைத் துடைத்து மாட்டினேன். அதன் பிறகு ஒரு சொட்டு ஒழுகியிருந்தால் என்னைக் கேளுங்கள்.

என்ன, அந்த மூலையையே பார்க்கிறீர்கள்? அங்கே ஒன்றுமில்லை. கதையைக் கேளுங்கள். வாங்குகிற பொருளால் என்ன ஆகும் என்று தெரிந்து வாங்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை. சாப்பிட்டுவிட்டு அவர் படுத்துவிட்டார். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. தினமும் போகிறதுதானே என்று நான் என் வேலையைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து செண்பகவல்லி கத்துகிறாள். "ஹில்டாக்கா! ஏ ஹில்டாக்கா! எங்க வீட்டு ஃபேன் வழியா தண்ணி கொட்டுதுக்கா!" ஓடி வந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தண்ணீர். மேல் தொட்டி பாதி காலி. கேப்டனும் சீஃபும் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். கீழ்த்தொட்டி பொங்கி, அந்த ஸ்கிம்மர் கிண்ணமும் கவிழ்ந்து, நாற்றத் தண்ணீர் அலமாரிக் கதவுக்கு அடியிலிருந்து ஓடுகிறது.

அவர் எழுந்து ஓடி வந்தார். வெறுங்கால். "பிளக் பாக்ஸ், பிளக் பாக்ஸ்" என்கிறார். பிளக் பாக்ஸ் அலமாரிக்குள் தரையில் கிடக்கிறது. முட்டிபோட்டுக் கையை உள்ளே விட்டார்.

கரண்ட் வந்துவிட்டது டாக்டர்.

ஒரு சத்தம். நீளமாகக் கூட இல்லை. பின்னால் தூக்கி எறிந்த மாதிரி விழுந்தார். மேசைக் காலில் தலை. மெயின் தானாகவே விழுந்தது. அதை வைத்திருந்ததும் அவர்தான், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புது டிரிப்பர் போட்டார். அதனால் பிழைத்தார். மெயின் விழுந்தது அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரில் கால் வைத்து அவர் பக்கத்தில் போக எனக்குப் பயம். கேட்டீர்களா? கட்டின புருஷன் தரையில் கிடக்கிறார், நான் அடுக்களை நிலைப்படியில் மீன் கத்தியோடு நிற்கிறேன். கத்தினேன். செண்பகவல்லியின் மகன் வந்துதான் தூக்கினான். இத்தனை வருஷம் எந்தக் கடலை நினைத்துப் பயந்தேனோ, அது என் கூடத்துக்கே வந்து, என் கண்ணுக்கு முன்னால் அவரைக் கேட்டது. அந்த உப்பு நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

உள்ளங்கையில் புண், நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. மாதாவுக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதுதான் வேறு ஒன்று ஆரம்பித்தது.

"ஹில்டா, ரிட்டர்ன் லைன்ல காத்து உள்ள வர்றதுக்கு ஒரு வழி வச்சிருந்தேன்லா?" என்றார்.

"காத்துக்கா? அது ஸ்கிம்மர்லலா இருக்கு, சின்ன ட்யூப்பு?"

"அது இல்ல. மேல, பைப்புல. நான் வச்சேன். கரண்ட் போனா அது காத்தை வாங்கிக்கிடும், தண்ணி கீழ வராது. வீட்டுக்குப் போனா பாரு."

வந்து பார்த்தேன். பைப்பில் அப்படி ட்யூபும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் வருகிற பைப்பில் காற்றுக்கு என்ன வேலை? போய்ச் சொன்னேன். "ஒண்ணும் இல்லீங்க. வழவழன்னு இருக்கு. நீங்க அப்படி எதுவும் வைக்கல."

அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "வைக்கலையா?" என்றார். கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "வச்சது மாதிரியே ஞாபகம் இருக்கே ஹில்டா. ட்ரில் பிடிச்சது கூட ஞாபகம் இருக்கு." அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, மெதுவாக, "எங்க அப்பாக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றார்.

அவர் அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் லுங்கியோடு துறைமுக ரோட்டில் நின்று, போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் "என் கப்பல் எந்தப் பக்கம்?" என்று கேட்டவர். பெற்ற பிள்ளையை "சார்" என்று கூப்பிட்டவர்.

அதிலிருந்து இவர் பேசுவதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார். மீனைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கேப்டன் சாப்பிட்டானா என்று ஒரு தடவை கேட்கட்டுமே என்று நான் காத்துக்கொண்டு கிடக்கிறேன், நானே! ஆஸ்பத்திரியில் சொன்னேன், இந்த மாதிரி இல்லாததை இருக்கிறது என்கிறார் என்று. நாளைக் காலையில் மறதிக்குப் பார்க்கிற டாக்டர் வருகிறார். கரண்ட் கொன்றிருந்தால் ஒரே நாள் அழுகை. இது எப்படி? என் பெயரை மறந்துவிட்டு என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பாரே, அதற்கு நான் என்ன செய்வேன்? ராங் நம்பர் என்று ஃபோனை வைத்துவிடவா முடியும்?

அதனால்தான் எடுத்துப் போங்கள் என்கிறேன். இதைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்குத் தான் மறந்தது ஞாபகம் வரும்.

ஓடிக்கொண்டிருக்கிறதே என்கிறீர்களா? நான் ஓட்டவில்லை. அவர் கூட்டாளி தொம்மை, துறைமுகத்துக்காரர், கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, "மீனு செத்துரும் மைனி" என்று போட்டுவிட்டுப் போனார். பிளக் பாக்ஸை மட்டும் சுவரில் உயரத்தில் மாட்டச் சொன்னேன். நான் அந்த மூலைப் பக்கமே...

என்ன அது? ஃபேன் நிற்கிறது.

டாக்டர், ஃபேன் நிற்கிறது. பம்ப் உறுமல் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது. எழுந்திருங்கள், ஸ்டூல் மேல் ஏறுங்கள்! கேட்கிறதா? உள்ளே கடகடவென்று கீழே இறங்குகிறது. மறுபடியும் அதேதான். மாதாவே! அதோ, கீழே செண்பகவல்லி வேறு, "அக்கா, கரண்ட் போயிட்டு! தண்ணி வருதா?" வருகிறதடி, வருகிறது, வாளி எடுத்து வை!

ஐயோ, கையை விடாதீர்கள்! தொட்டிக்குள் கையை விடாதீர்கள் டாக்டர், எந்த நேரமும் கரண்ட் வந்துவிடும்! இருங்கள், மெயினை அணைக்கிறேன், அணைக்கிற வரைக்கும் தொடாதீர்கள், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கும்...

அணைத்துவிட்டேன். இரண்டு தடவை கை வழுக்கிவிட்டது. அணைத்துவிட்டேன்.

என்ன செய்தீர்கள்? அந்த வளைவை அப்படியே கழற்றிவிட்டீர்களா?

'குர்ர்.'

நின்றுவிட்டதே. தண்ணீர் நின்றுவிட்டது. கீழே விளிம்புக்கு ஒரு விரல் குறைவாக நிற்கிறது. இந்தச் சத்தம்... இதே சத்தத்தைத்தான் அன்றைக்கும் கேட்டேன், நான் பம்பை அணைத்தபோது. அன்றைக்கும் இப்படித்தான் அடங்கி நின்றது.

கொடுங்கள், அந்தத் துண்டை. இதுவா? இதுதான் நான் அடைத்தது. சொன்னேனே, ஒழுகின ஓட்டை. அழகாக அடைத்திருக்கிறேன் இல்லையா, நகத்தால் தடவினால்கூட... ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஸ்ட்ராவா? தெரியும், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் சர்பத் ஏறாது, காற்றுத்தான் வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கும் இதற்கும்...

இல்லை. இல்லை டாக்டர். இது தண்ணீர் வெளியே பீய்ச்சின ஓட்டை. அவர் கேட்டது காற்று உள்ளே வருகிற வழி. அது வேறு, இது... ஓடும்போது தண்ணீரை வெளியே விடும், நின்றால் காற்றை உள்ளே விடும் என்கிறீர்களா? இந்த ஒரே ஓட்டையா?

ட்ரில் பிடித்தது கூட ஞாபகம் இருக்கிறது என்றாரே.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். இல்லை, நானே எடுத்துக்கொள்கிறேன்.

நான் வைக்கவில்லை என்றேன் டாக்டர். அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன், நீங்கள் அப்படி எதுவும் வைக்கவில்லை என்று. அவர் உடனே நம்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் அந்த மனிதர் நம்பினதில்லை. இதை நம்பிவிட்டார்.

உங்கள் பையில் சாமான் இருக்குமா? அந்தக் கொக்கி மாதிரி ஊசி, பல்லைக் குடைவீர்களே. இருக்கிறதா? எடுங்கள். இதைக் குடைந்து எடுங்கள், ஓட்டை பெரிதாகிவிடாமல். அவர் போட்ட அளவிலேயே இருக்க வேண்டும். தொட்டி விற்பனைக்கு இல்லை, அதைப் பிறகு பேசுவோம், உங்களுக்கு மீன் குழம்பு தருகிறேன், உட்காருங்கள். நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். இந்தத் துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், அவர் கையில் வைத்து, இந்தாங்க உங்க காத்து வழி, இருக்கு, நீங்க போட்ட இடத்துலயே இருக்கு, எனக்குத்தான் கண்ணு தெரியல என்று சொல்லிவிடுவேன். யார் அடைத்தது என்ற பேச்சு எதற்கு? ஏதோ உப்பு அடைத்துக்கொண்டது. உப்பு அடைக்காதா என்ன? அடைக்கும் இல்லையா?

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? ஓரத்தில் எம்சீல் ஒட்டியிருக்கும் என்றா? ஆமாம். கப்பல்காரர். விரலால் ஒரு தடவை தடவுவார். மோந்து பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டுபிடித்தாரென்றால் மூளை நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நாளைக்கு வருகிற டாக்டர் வேறு என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறார்? கண்டுபிடிக்கட்டும். "என் பைப்புல கை வச்சியா" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தட்டும்.

ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிடுங்கள் டாக்டர். முழுசாக எடுக்க வேண்டாம்.